சம்பந்தியின் ஆலய வாசலில் நின்ற தேர்

ஒரகடத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள் உண்டு. ஒன்று நாங்கள் தொழும் மாதா கோயில். மற்றொன்று புராட்டஸ்டண்டு சபையாருடையது. என் மகள் வாழ்க்கைப்பட்டது அச்சபையின் மூப்பர் இல்லத்தில். இரு பக்கத்தாரும் முணுமுணுத்த அத்திருமணத்தை முன்னின்று நடத்தியவர் அந்த மூப்பரே, என் சம்பந்தி.

சென்ற ஆண்டுத் திருவிழாத் தேர்பவனியில், ஆலய வரலாற்றை ஒலிபெருக்கியில் உரைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தேர் இழுத்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வியக்க வேண்டும் என்னும் ஆசையில், "இவ்வூரில் முதன்முதலில் எழுந்த ஆலயம் எமது ஆலயமே!" என்று முழங்கினேன்.

அது பொய். எங்கள் முன்னோர்க்கு இருந்தது கீற்றுக் கொட்டகை. அது தீக்கிரையானபோது, முன்பே ஆலயம் கட்டியிருந்த சபையார் தங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டனர். எங்கள் சுவர் எழும்வரை பூசை அங்கேதான் நடந்தது. இதனை என் தந்தையார் வாயிலாகவே கேட்டவன் நான்.

சபை ஆலய வாசலில் தேர் நின்றது. அங்கே மரியாதை கருதி ஒலிபெருக்கியை அணைப்பதும், அவர்கள் எங்களுக்கு எலுமிச்சைச் சாறு வழங்குவதும் வழக்கம். பின்னால் ஷிப்ட் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

சம்பந்தி சிரித்தபடி வந்தார். "வாங்க சம்பந்தி! நாங்க பின்னாடி வந்தவங்களாச்சே, நீங்க மொதல்ல குடிங்க."

குடத்தருகே நின்ற என் மகளை அவள் நாத்தனார் சீண்டினாள். "இன்னா அண்ணி, உங்கப்பா கணக்குல நாங்கள்லாம் நேத்து வந்தவங்களா?"

மகள் தலைகுனிந்தாள். என் கை ஒலிவாங்கியை உயர்த்தியது. "நான் சொன்னது பிழை. முதல் ஆலயம் இதுவே. எமக்கு இடம் தந்ததும் இதுவே" என்றேன். தெருவில் அது ஒலிக்கவில்லை, ஒலிபெருக்கி அணைந்திருந்தது. அருகில் நின்ற மூவரே கேட்டனர்.

"வுடுங்க சம்பந்தி, எங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

மகள் தம்ளரை நீட்டினாள். "மைக்கு போட்டதும் இதையே இன்னொரு வாட்டி சொல்லுப்பா. மொதல்ல சொன்னத எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்க."

தலையசைத்தேன்.

தேர் நகர்ந்தது, ஒலிபெருக்கி உயிர்பெற்றது. வடம் பிடித்தவர்கள் வரலாற்றின் மீதியைக் கேட்க ஆவலுடன் என்னைத் திரும்பிப் பார்த்தனர். நான் ஜெபமாலையைத் தொடங்கினேன். தெரு முழுவதும் பக்தியுடன் மறுமொழி கூறியது. திரும்பிப் பார்த்தபோது, மகள் காலித் தம்ளருடன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.