பஸ்ஸில் ஒத்துக்கொண்ட ஸ்வெட்டர்

நம் நாலு பேரைத் தவிர யாரிடமும் இந்த நோட்டைக் காட்டிவிடாதீங்கடி, கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்கழிக் குளிருக்குத் தம்பிக்கு ஸ்வெட்டர் பின்ன இன்று காஞ்சிபுரத்தில் ரோஸ் கம்பளி நூல் வாங்கினேன். ஆசை தாங்காமல் திரும்பும் பஸ்ஸிலேயே பின்ன ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "கை இன்னா வேகமா போவுது! நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்றாள்.

பெருமையில் அப்பா பேர், தெரு எல்லாம் சொன்னேன்.

"என் பையனுக்கும் ஒண்ணு பின்னித் தர்றியா?"

"தரேங்க."

சாயங்காலம் அதே அம்மாள் பூவும் பழமுமாக எங்கள் வாசலில் நிற்கிறாள்! அந்தப் பையனுக்குத்தான் பெண் தேடுகிறாளாம்.

"பஸ்லயே ஒத்துக்கினியாமே!" என்று அம்மா சிரித்தாள்.

"ஸ்வெட்டருக்குத்தாம்மா ஒத்துக்கினேன். நான் பத்தாவது எழுதணும்."

"எழுதி இன்னா, கலெக்டரா ஆவப் போறே?" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். எனக்கு நாளை ஒரு நாள்தான் பள்ளிக்கூடம்.

தையல் டீச்சரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து பேசுவாங்களா? இல்லை, "நல்ல இடமாச்சே"ன்னு அவங்களும் சந்தோஷப்படுவாங்களா? என்ன தோணுதுன்னு கீழே எழுதுங்கடி. நாளை கடைசி மணி அடிக்கிறதுக்குள் எழு

அப்பா கதவைத் தட்டுகிறார்