பறக்கத் தெரியாத முந்நூறு வாத்துகள்

திரையில் முந்நூறு வாத்துகள் வாய்க்கால் கரையில் ஏறிக்கொண்டிருந்தன. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கலையரங்கம். மேடை நடுவில் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் மடிக்கணினி, பக்கத்தில் கன்ட்ரோலரைப் பிடித்தபடி என் மதினி. அண்ணன் மனைவியும் நானுமாக இரண்டு வருஷம் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து செய்த வீடியோ கேமை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியாட்கள் முன்னால் ஆடிக் காட்டினோம். மதினியின் உள்ளங்கை வியர்த்திருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு வாத்து, தனக்கு மட்டும் ஏதோ அவசர ஜோலி இருப்பதுபோலக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. "ஏ, அங்கன ஒண்ணு போகுது!" என்று யாரோ ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து வாத்து மேய்த்தது. இடது பக்கம் என்றார்கள், பைய என்றார்கள், கம்பைத் தூக்கு என்றார்கள். இது அடுத்து எங்கே போகும் என்று முன்வரிசையிலிருந்து கேட்ட பேராசிரியரிடம் மதினி சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கும் தெரியாதுல்லா சார். நீங்க பாக்கும்போதுதான் நானும் பாக்கேன்."

பாதியில் படம் அப்படியே நின்றுவிட்டது. மதினி மைக்கை எடுத்து, "வாத்துக்கெல்லாம் தூக்கம் வந்துட்டு. பொறுங்க, எழுப்புதேன்" என்றாள். மறுபடி எல்லாம் ஓட ஆரம்பிக்கும்வரை கைதட்டல் ஓயவில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் நாட்களில் வாத்துக்காரர்கள் வருவார்கள். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்றுகொண்டே அவர்களுடைய வாத்துக் கூட்டம் ஊர் ஊராக நகரும். அதுதான் எங்கள் விளையாட்டு. ஆடுகிறவர் கையில் ஒரு மூங்கில் கம்பு. பொழுது சாய்வதற்குள் முந்நூறு வாத்தையும் மேயவிட்டு, வாய்க்கால் தாண்டி, டவுன் பஸ் வராத நேரமாகப் பார்த்து ரோட்டைக் கடத்தி, வலைக்குள் கொண்டுவந்து அடைக்க வேண்டும். சுடுவதும் கிடையாது, வெட்டுவதும் கிடையாது. ஒவ்வொரு வாத்துக்கும் தனியாகப் பசி, தனியாகப் பயம், தனியாகப் பிடிவாதம் என்று மதினி எழுதி வைத்திருந்தாள். அதனால் ஒருநாள் ஆடியதுபோல மறுநாள் ஆடாது. கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வேலையை இதற்காகத்தான் விட்டாள். "வாத்து மேய்க்கதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் கேட்டார்கள். ஆமா என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காருவாள். அண்ணன் கப்பலில் வேலை. போனில் அவனுக்கும் அதே பதில்தான்.

கல்லூரி மேடையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பெருநகரத்திலிருந்து ஒரு கம்பெனி வந்தது. விளையாட்டை நாங்கள் முடித்துக் கொடுத்தால் போதும், அறிவிப்பும் விற்பனையும் தங்கள் பொறுப்பு என்றார்கள். அவர்களுடைய அறிவிப்பு விழா என்றால் மேடை இருக்கும், எதிரே ஜனம் இருக்கும், தான் போய் ஆடலாம் என்று மதினி நம்பிவிட்டாள். என்ன பேசுவது என்று ஒரு நோட்டில்கூட எழுதி வைத்தாள். கம்பெனிக்காரர் போனில் சிரித்தார். "மேடைல்லாம் இப்ப யாரும் போடறதில்ல மேடம். லைவ்னா ரிஸ்க். ஹேங் ஆச்சுன்னா மானம் போயிடும். நாங்க வீடியோவா விட்ருவோம், க்ளீனா இருக்கும்."

க்ளீன்! இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது பெரிய கம்பெனிகள் அத்தனையும் இப்படித்தான். ஒரு காலத்தில் விளையாட்டைச் செய்தவன் மேடையில் நின்று, நாக்கு குழறி, பொத்தானைத் தப்பாக அழுத்தி, அசடு வழிந்து, எப்படியோ ஆடிக் காட்டுவான். உலகத்தின் ஏதோ மூலையில் நடந்ததை நாங்கள் திருநெல்வேலியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, விட்டு விட்டு வரும் படத்தில் பார்த்திருக்கிறோம். அவன் தடுமாறும்போது நாங்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். இப்போது வருவது என்ன? இரண்டு நிமிஷப் படம், அதிர அதிர இசை, கடைசியில் ஒரு பெயர், ஒரு தேதி. ஆடுகிற கையும் தெரியாது, செய்தவர் முகமும் தெரியாது. வீடியோவுக்கு ஒரு நியாயம் உண்டு என்பது எனக்கும் தெரியும். மேடை ஏறிப் பேச வராதவர்கள் எத்தனையோ பேர் அருமையான விளையாட்டுகளைச் செய்கிறார்கள். பாபநாசத்தில் இருப்பவனும் வெளிநாட்டில் இருப்பவனும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. மேடையிலும் புளுகுகிறவன் புளுகத்தான் செய்தான். எல்லாம் சரி. ஆனால் மேடையில் நிற்பவனை எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டுவிடலாம். வீடியோவிடம் என்னத்தைக் கேட்பது?

மூன்று நாள் மதினி ஆடி ஆடிப் பதிவு செய்து அனுப்பினாள். மூன்றையும் திருப்பிவிட்டார்கள். வாத்துகள் ஒழுங்காக நடக்கவில்லையாம். ஒன்று வழி தவறுகிறதாம், ஒன்று நடு ரோட்டில் உட்கார்ந்துகொள்கிறதாம், பார்க்கிறவர்களுக்கு இது பிழைபோலத் தெரியுமாம். அட, விளையாட்டே அதுதானே! பின்னணியில் பேசிய மதினியின் குரலும் சரிப்படவில்லை. "ஸ்லாங் ஜாஸ்தியா இருக்கு" என்றார்கள். தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவளின் பேச்சை அழுக்கு மாதிரி துடைத்துவிட்டு, வேறு யாரோ ஒரு பெண்ணை வைத்து வழவழவென்று பேசவைத்தார்கள். படத்தையும் எங்களிடம் சொல்லாமல் வேறொரு குழுவை வைத்து வரைந்துகொண்டார்கள்.

அந்தப் படம் வெளிவருவதற்கு முன்னால் எனக்கு வந்தது. கடிதப் போக்குவரத்தெல்லாம் என் பொறுப்பு. ஐந்து மணிக்குள் சரி என்று பதில் வராவிட்டால் அறிவிப்பில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் வேறொருவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். முந்நூறு வாத்துகள் பட்டாளம்போல வரிசை பிடித்து வரப்பில் நடந்தன. ஆற்றங்கரை வந்ததும் ஒன்றாகச் சிறகடித்து எழும்பி, தாமிரபரணியின் மேலே வளைந்து பறந்து, சிவந்த வெளிச்சத்துக்குள் மறைந்தன. அடியில் சின்ன எழுத்தில் 'விளையாட்டின் காட்சிகள்' என்று போட்டிருந்தது. எங்கள் விளையாட்டில் வாத்து பறக்காது. பறக்கவைக்க ஒரு வரிகூட நாங்கள் எழுதியதில்லை. மதினி கீழே அடுப்படியில்தான் இருந்தாள், கூப்பிட்டிருந்தால் ஈரக்கையோடு ஏறி வந்திருப்பாள். பார்த்திருந்தால் கட்டாயம் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தான் நான் கூப்பிடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. நாம் செய்தது இவ்வளவு அழகா என்று கண் கலங்கியது. 'சரி, அருமை' என்று பதில் எழுதி அனுப்பினேன்.

அறிவிப்பு வந்த சாயங்காலம் வீட்டு டி.வி. முன்னால் நான், மதினி, அப்பா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மதினி தலைவாரிப் பூ வைத்து, மேடைக்குப் போவது மாதிரியே புதுப்புடவை கட்டியிருந்தாள். படம் ஓடி முடிந்ததும் முதலில் பேசியது அப்பாதான். "ஏலே, மேய்ச்சல் வாத்து எங்கலே பறக்கும்? உடம்பத் தூக்கிட்டு ஒரு வாய்க்காலத் தாண்டாது." மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது நம்ம வாத்து இல்லையே தம்பி. யாரக் கேட்டு இப்படிச் செஞ்சாவ?"

"அவங்களே செஞ்சிட்டாவ மதினி. எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றேன்.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே எங்களுக்குப் பாராட்டு மழை. பறக்கும் வாத்துகளைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. கம்பெனிக்கு ஒன்றுக்கு நான்கு தடவை மதினி போன் போட்டாள். விளையாட்டு வெளிவருவதற்குள் அந்தப் படத்தை மாற்றுங்கள் என்றாள். பார்க்கலாம் மேடம் என்றார்கள். பார்க்கவேயில்லை.

விளையாட்டு விற்பனைக்கு வந்த அன்றைக்கே வசவு ஆரம்பித்தது. எப்போது பறக்கும், எந்தப் பொத்தானை அழுத்தினால் பறக்கும் என்று கேட்டவர்கள், பறக்கவே பறக்காது என்று தெரிந்ததும் ஏமாற்றுக்காரி என்று எழுதினார்கள். விளையாட்டின் முகப்பில் மதினியின் பெயர் இருந்தது, அவளுடைய படம் இருந்தது. கம்பெனிக்காரனின் முகத்தை எவனும் கண்டதில்லை, ஆகவே அடி முழுவதும் அவளுக்கு. இவ்வளவுக்கும் பிறகு கம்பெனி ஒரு வரி அறிக்கை விட்டது: செய்தவர்களின் ஒப்புதலோடுதான் வீடியோ வெளியிடப்பட்டது என்று. "பச்சப் பொய். நம்மள்ட்ட எங்க கேட்டாவ? வெக்கம் கெட்டவனுவ" என்று கொதித்தாள் மதினி. அவளோடு சேர்ந்து நானும் திட்டினேன். அவளைவிடச் சத்தமாகவே திட்டினேன். அந்தக் கம்பெனி சொன்ன ஆயிரம் பொய்யில் அந்த ஒன்றுதான் உண்மை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஏமாற்றுக்காரி என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் பிடித்தாள். வாங்கினவர்கள் எல்லாரும் வரலாம், எதிரிலேயே ஆடிக் காட்டுகிறேன், எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்தாள். திட்டுகிறவர்கள் நேரில் வரமாட்டார்கள் என்றேன். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வழக்கறிஞர்கள், மாணவர்கள், தென்காசியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு தம்பதி. நான் மேடைக்குக் கீழே புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு வாத்து ரோட்டில் படுத்து டவுன் பஸ்ஸை நிறுத்தியதும் சிரித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள் எழுந்தார். "நான் அம்பாசமுத்திரத்துல கணக்கு டீச்சர். எனக்கு ஆடுததுக்குத்தான் வாங்கினேன், பிள்ளையளுக்கு இல்ல. ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பறக்குத படம் பொய்தான? அது வெளிய வருததுக்கு முன்ன உங்கள்ல ஒருத்தரும் பாக்கலையா? பாத்து சரின்னு சொன்னது யாரு?"

"படம் பொய்தான் டீச்சர். என் பேருல வந்த பொய், அதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள் மதினி. "ஆனா எங்கள்ட்ட யாரும் காட்டல. காட்டிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன். அந்தா நிக்காவல்லா, என் கொழுந்தன், அவுகதான் கம்பெனியோட எழுத்து வேலையெல்லாம் பாத்தாவ. அவுகளையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மதினியின் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், எல்லாரும் நம்பியிருப்பார்கள். என் வாய் அதற்குத்தான் திறந்தது. அந்த டீச்சரம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"நான்தான்" என்றேன்.

மதினி கன்ட்ரோலரை மேஜையில் வைத்தாள். "எப்ப?" என்று கேட்டாள். வெளியாவதற்கு முன்னாலேயே வந்தது, பார்த்தேன், சரி என்று நான்தான் எழுதினேன் என்றேன். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. மேடை விளிம்புவரை வந்து மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"இங்கன ஏறி வந்து சொல்லுங்க தம்பி. கேட்டவுக மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஏறினேன். அத்தனை மாதமாக அந்தக் கம்பெனிக்காரனுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"கேக்கல," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சத்தமாச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன்.