கதிரை வந்தால் மாப்பிள்ளையா?

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் ஞாயிறு காலைகளில் இன்ஷிரா வகுப்பு எடுத்தாள். அரச சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற பட்டதாரிகளுக்கு தர்க்க வினாத்தாள் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பயந்தவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். போகும்போது எதிர்த்துப் பேசப் பழகிப் போனார்கள். வீடுகளில் அதனால் என்னென்ன நடந்ததோ, இன்ஷிராவுக்குத் தெரியாது.

எல்லாரையும் உலுக்கியது 'மறைந்துள்ள எடுகோள்' என்கிற பகுதிதான்.

"பேராதனை வீதியில நெரிசல். வீதிய அகலமாக்கினா நெரிசல் தீரும். இதுல சொல்லாம ஒளிச்சு வச்சது எது?" என்று கேட்டாள்.

"வீதி ஒடுக்கமா இருக்கு மிஸ்," என்றாள் லோஜினி. புசல்லாவையிலிருந்து விடியப் புறப்பட்டு பஸ்ஸில் வருகிறவள். நெரிசலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"அது நல்லாத் தெரியிற விசயம். ஒளிஞ்சிருக்கிறத புடிக்க ஒரு வழி சொல்றேன். சந்தேகமான வசனத்த அப்படியே மறுத்துப் பாருங்க. மறுத்த உடன முடிவு கவுந்துபோனா, கட்டடம் அதுலதான் நின்றிருக்கு."

லோஜினி கண்ணை மூடி யோசித்தாள். "வீதி அகலமானா இன்னும் நெறய வாகனம் வந்துரும்னு வச்சுக்குவோம்... அப்ப நெரிசல் தீராதே மிஸ்! அப்ப, 'புது வாகனம் கூடி வராது'ன்னு நெனச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருக்காங்க!"

"அதேதான்."

கேள்விகளை இன்ஷிரா எங்கேயும் தேடிப் போகவில்லை. கட்டுகஸ்தோட்டை வீட்டில் அவள் மாமி, கணவன் முனாஸின் தாய் றம்லத், இருந்தார். பிறர் வீட்டு வாசலைப் பார்த்து முடிவுகளை எட்டுவதில் மாமியின் வேகத்துக்கு யாரும் ஈடில்லை. ஒரு கிழமை மாமியின் தங்கை வீட்டுக்குப் முன்கூடத்தில் போட்டு உட்காரப் புதுக் கதிரைகள் வந்து இறங்கின. லொறி திரும்பிப் போவதற்குள் தங்கை மகளைப் பற்றி மாமி சொல்லிவிட்டார்: "ஸஹ்ராவுக்கு மாப்பிள்ள சரிவந்திட்டு."

இன்ஷிரா சமையலறையில் நின்றபடியே சிரித்தாள். அடுத்த ஞாயிறு மாதிரி வினாத்தாளில் அது ஏறியது: 'ஒரு வீட்டுக்குப் புதுக் கதிரைகள் வந்தன. ஆகவே அந்த வீட்டு மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. இதில் மறைந்துள்ள எடுகோள் எது? அ) மகள் அழகானவள். ஆ) கதிரை வாங்க வேறு காரணம் இல்லை. இ) பழைய கதிரைகள் உடைந்துவிட்டன.'

பெயர் போடவில்லை, ஆகவே யாருக்கும் புரியாது என்று இருந்தாள். அந்த மாதம் ஸஹ்ராவே வகுப்பில் சேர்ந்திருந்தது அந்த நேரம் அவள் நினைவில் நிற்கவில்லை. ஸஹ்ரா கேள்வியை வாசித்தாள், மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள், இடைவேளைக்குள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கம்பளையிலுள்ள சொந்தம்வரை போய்ச் சேர்ந்திருந்தது. கதிரைகள் வந்தது மின்னொழுக்கில் தீப்பிடித்துப் பழையவை கருகிப் போனதால் என்ற செய்தியும் கூடவே போனது.

திரும்பும் பஸ்ஸில் இன்ஷிரா, மாமியிடம் எப்படித் தொடங்குவது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினபோது மாமி ஃபோனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முனாஸ் பக்கத்தில், முகத்தைப் பத்திரிகைக்குள் புதைத்திருந்தான். பத்திரிகை குலுங்கியது.

"மகள்," என்றார் மாமி. "இதுக்கு விடை 'ஆ' தானே?"

"...ஓம் மாமி."

"பொறகென்ன, எனக்குத் தெரியும். 'இ'யைப் போட்டு ஏமாத்தப் பாத்தீக்கிறாய்." ஃபோனை மடியில் வைத்தார். "வேற கேள்வி ஈக்கிதா?"

அன்றிலிருந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணியோடு ஒரு கேள்வி என்று ஆகிவிட்டது. மாமி தவறாகச் சொன்னால் கேள்வியோடு சண்டை பிடிப்பார். சரியாகச் சொன்னால் மகனைப் பார்ப்பார். மின்கட்டணம் கூடினதற்கு முனாஸ் சொன்ன காரணத்தில் மாமி ஓர் எடுகோளைப் பிடித்துக் காட்டினபோது அவன் கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று எழுந்து போனான். கடை அப்போது பூட்டியிருந்தது.

ஒரு நாள் மாமி சொன்னார்: "இன்டைக்கி நான் கேக்கிற."

"கேளுங்க மாமி."

"ஒரு மருமகள் ஊரான் புள்ளைகளயெல்லாம் பரீட்சைக்கு அனுப்புறா. தான் மட்டும் விண்ணப்பம் போடல்ல. பாஸ் பண்ணினா பயிற்சிக்குக் கொழும்புக்குப் போகணும், அதனால ஏலாதுண்டு செல்றா. இதுல ஒளிஞ்சீக்கிறது என்ன?"

இன்ஷிரா முதலில் சிரித்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்தாள். இன்ஷிராவுக்கு மகள் பிறந்த காலத்தில் மாமி ஒரு நாள் முழங்காலைப் பிடித்தபடி, "எனக்குப் புள்ள பாக்க ஏலாது" என்று சொன்னார். முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்து, மாமி படி ஏறி இறங்கி, கொடியில் துணி போட்டு, பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வருவதெல்லாம் அவள் கண்முன்னால்தான் நடந்தது. ஆனால் அந்த ஒரு வசனம் அவள் மனதில் அப்படியே கிடந்தது. மறுபடி கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மாமி புள்ளைய பாக்கமாட்டாங்க," என்றாள் மெல்ல.

"மறுத்துப் பாரு."

"மாமி பாப்பாங்க."

"இப்ப?"

முடிவு கவிழ்ந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. மாமி அதைக் கவனிக்காத மாதிரி, "எண்ட கிட்ட ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே," என்றார். "பரீட்சைக்கு ஒனக்கு வயசெல்லை எப்ப முடியிது?"

"இந்த வருசத்தோட."

"அப்ப தேத்தண்ணிய குடிச்சிட்டு எழும்பு."

பரீட்சை மண்டபத்தில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் லோஜினி இருந்தாள். திரும்பிப் பார்த்து, "மிஸ், நீங்களுமா?" என்று வாயசைத்தாள். தர்க்க வினாத்தாளில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் பொருந்துவதாக இன்ஷிராவுக்குப் பட்டது. அதோடு மனதுக்குள் வாதாடி நேரத்தைக் கரைத்தாள். கடைசிக் கேள்விகளைத் தொடவே இல்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தில் புள்ளி இறங்கியது, பயந்து எழுதிய கட்டுரைத்தாள்தான் தூக்கிவிட்டது. பெறுபேறு வந்தபோது லோஜினி மேலே, இன்ஷிரா வெகு கீழே. ஆனாலும் இருவரும் உள்ளே. லோஜினி ஃபோனில் கூப்பிட்டு, "மிஸ், தர்க்கத்துல எனக்கு எவ்வளவுன்னு கேளுங்களேன்," என்றாள். இன்ஷிரா கேட்கவில்லை.

கொழும்புப் பயிற்சிக்காலத்தில் வெள்ளி மாலை ரயிலில் வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போனாள். முதல் மாதம் மகள் ஸ்டேஷனில் அழுதாள். பிறகு மாமியோடு சேர்ந்துகொண்டு ரயிலில் வருகிறவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று முடிவு கட்டத் தொடங்கினாள்.

அதிகாரியாக நியமனம் மலைப்பக்கத்து ஒரு பிரதேச செயலகத்துக்குக் கிடைத்தது. முதல் நாள் மழை. கையில் குடையும் தோளில் பையுமாக வாசலில் நின்றவளைப் பார்த்து, காரியாலய உதவியாளர் பாலம்மா கதிரை வரிசையைக் காட்டினார்.

"அங்கிட்டு உக்காருங்கம்மா. ஐடென்டிட்டி கார்ட் பிரதி எடுத்துக்கிட்டு வந்தீங்களா? புது மேடம் இன்னிக்குத்தான் வர்றாங்க. வந்தவொடனே கூப்புடுவாங்க."

சரியென்று தலையாட்டி, இன்ஷிரா ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி, புது மேடம் கொழும்புக்காரி, மகா கண்டிப்பானவள், பத்து மணிக்கு முன்னால் வரமாட்டாள் என்று உறுதியாகச் சொன்னார்.

"அப்படியா?" என்றாள் இன்ஷிரா. "யார் சொன்னாங்க?"