கணினிக் கடையில் மூன்று முறை செத்தேன்

"...நாலாவது தளத்துல செத்துட்டீங்கய்யா. மறுபடி மொதல்லருந்துதான் வரணும்" என்றார் திருமயம் கணினிக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடி எந்நேரமும் நெற்றியிலேயே கிடக்கும்.

பென்ஷன் நிற்காமலிருக்க, நான் உயிரோடிருப்பதற்குச் சான்று அனுப்பப் போயிருந்தேன். தேய்ந்துபோன என் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. இணையம் சுற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர், படமே இல்லாமல் வெறும் எழுத்தும் புள்ளியுமாக ஓடும் பாதாளச் சண்டை விளையாட்டில் இருந்தார். அதில் வரும் வீரனுக்கு, கடையில் காத்திருக்கிறவர் பெயரையே வைப்பாராம்.

"ஒங்க பேர வச்சு ஆடுனா என்னங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"நம்ம பேருன்னா பயந்து பயந்துல்லய்யா போவேன். அடுத்தவுக பேருன்னா துணிஞ்சு எறங்கிரலாம்."

அவர் அப்படித் துணிந்ததில் நான் மூன்றாம் முறையும் செத்தேன். அதற்குள் ரேகை பொருந்திவிட்டது.

"உயிரோட இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டாங்கய்யா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே கையோடு என் பெயரை மறுபடியும் தட்டி, பாதாளத்தில் இறக்கிவிட்டார்.