முயலுக்கு அரைச் சொட்டு

ஏற்காட்டில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்குத் தான் பாதி டாக்டர் என்ற நினைப்பு தானாக வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. தலைவலி என்று வந்தவருக்கு மாத்திரையோடு இரண்டு நிமிட அறிவுரையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். மாடு, ஆடு, நாய்க்கென்று ஓர் அலமாரி தனியாக உண்டு. எஸ்டேட் பங்களா நாய்களுக்கு உண்ணி மருந்து என்னிடம்தான் வாங்குவார்கள்.

அந்த மருந்து சின்ன டியூப்பில் வரும். நாயின் பிடரியில் முடியை விலக்கிச் சொட்டு விட வேண்டும். ஒரு பெட்டியில் மூன்று டியூப், கூடவே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். மூன்றையும் சேர்த்து வாங்க எல்லோராலும் முடியாது என்று பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்பேன். தாள் என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். அதை நான் ஒருநாளும் படித்ததில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் அந்தக் குளிர்காலத்தில் முயல்களுக்குச் சொறி வந்தது. நாகலூரில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அக்கா முயல் வளர்த்து வந்தார். என்னைவிட வயதில் சின்னவர்தான். கடைக்கு வரும் பெண்கள் எல்லோரும் எனக்கு அக்காதான். அந்தப் பக்கத்தில் நல்ல ஆண் முயல் இருந்தது அவர் வீட்டில்தான். இணை சேர்க்கப் பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள். மாற்றிச் செய்தால் கடித்துக்கொள்ளும். அதனால் சுற்றுவட்டாரத்து முயல்கள் எல்லாம் கூடையில் ஏறி அவர் வீட்டுக்கு வந்து போயின. வந்து போனதில் சொறியும் கூடவே ஊர் சுற்றியது. காது மடலிலும் மூக்கு நுனியிலும் செதில் கட்டி, சொறிந்து சொறிந்து ரத்தம் வரும்.

அக்காவையும் சேர்த்து ஒரே வாரத்தில் நான்கு பேர் மருந்து கேட்டு வந்தார்கள். நாயின் உண்ணியைக் கொல்வது முயலின் பூச்சியைக் கொல்லாதா என்று நானே முடிவு செய்து நாய் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். "ஒரே சொட்டுங்க, ஓடியே போயிரும்" என்று வேறு சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறக்கப் போனபோது அக்கா கூடையோடு படியில் நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கூடைக்குள் சாம்பல் நிறப் பெண் முயல், அவர் வீட்டில் மூத்தது. காது இரண்டும் துவண்டு கிடந்தன.

"ஏனுங்ணா, நேத்துல இருந்து ஒரு புல்லத் தொடல. புழுக்கையும் போடல. ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குதுங்க."

குளிராக இருக்கும் என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்முறையாகப் படித்தேன். நாய்க்கு மட்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே, முயலுக்குப் போடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று தனி வரியாகவே இருந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டு ஏதாவது சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"என்னங்ணா போட்டிருக்குது?"

"முயலுக்குப் போடக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க்கா. என் தப்புத்தான்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

தன் முயல் கூடைக்குள் வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி கேட்ட முதல் கேள்வி அது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கடைக் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் நாகலூர்க்காரர்கள். அக்காவே போன் போட்டார். ஒருவர் இன்னும் டியூப்பைப் பிரிக்கவில்லை. இன்னொருவர் அன்று காலையில்தான் போட்டிருந்தார். அவரிடம் பேசுவதற்குள் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு உடனே கழுவித் துடைத்து, சூடாக வைத்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டரம்மா போனை வாங்கி அவரிடமே சொன்னார். மூன்றாவது ஆள் கொட்டச்சேட்டுக்காரர். அவர் போன் அணைந்து கிடந்தது. எனக்கு அவருடைய சிவப்பு ஸ்வெட்டர் மட்டும்தான் நினைவிருந்தது.

அக்காவுக்கு வீடே தெரியும். "அவுங்க முயலு எங்கூட்டுக்கு வந்து போனதுதானுங்க. ஏழு குட்டி. இப்பத்தான் கண்ணு தொறந்திருக்குது. இன்னைக்கு லீவு, ஊட்டுலதான் இருப்பாரு. இன்னைக்குப் போட்டுருவாரு."

டாக்டரம்மா சாம்பல் முயலைக் கழுவித் துடைத்து, தோலுக்கடியில் சத்துத் தண்ணீர் ஏற்றினார். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, சில முயல் தாங்கும், சில தாங்காது, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், வண்டியில் குலுங்கக் கூடாது என்றும் சொன்னார். அக்கா முயலைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார்.

"இது ஒண்ணுங்க. அங்க தாயும் குட்டியுமா எட்டு. கண்ணுல காட்டினாத்தான் அந்த மனுசன் நம்புவாரு. நான் மடியிலயே வெச்சுக்கறனுங்க."

ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் அக்கா, மடியில் கூடை, கூடைமேல் அவருடைய ஸ்வெட்டர். அவர் குளிரில் வெறும் புடவையோடு உட்கார்ந்திருந்தார். பாதை முழுக்கப் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணு, சாமி, தோ வந்துட்டோம் சாமி" என்று முயலிடம் பேசிக்கொண்டே வந்தார். அவர் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கும் ஒரு தைரியம் இருந்தது. ஒரு பெரிய வளைவு தாண்டியதும் பேச்சு நின்றது. முயல் தூங்கிவிட்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கொட்டச்சேட்டில் அந்த மனுஷர் வாசலில்தான் இருந்தார். தாய் முயல் அவர் முழங்கால்களுக்கு நடுவே, டியூப் அவர் பல்லிடுக்கில். மூடியைக் கடித்துத் திருகிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, "போடாதீங்க" என்று கத்தினேன்.

அவர் டியூப்பை வாயிலிருந்து எடுத்தார். கோபம்தான் வந்தது அவருக்கு. "ஏனுங்க, நீங்கதான ஒரே சொட்டுல ஓடிப் போயிரும்னீங்க? இப்ப நீங்களே வந்து வேணாங்கறீங்க. ராப்பகலா சொறிஞ்சு காதெல்லாம் ரத்தங்க. நொம்பக் கஷ்டப்படுது. பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்கறது?"

தாள், எழுத்து, நாய் மருந்து என்று நான் உளறினேன். அவர் முயலின் காதைப் பார்த்தார், டியூப்பைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "செரிங்க, பாதி போட்டா? அரைச் சொட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?"

இத்தனை வருஷமாகக் கேட்காமலே பதில் சொன்னவன், கேட்டபோது அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா முன்னால் வந்து கூடையை அவர் காலடியில் வைத்து ஸ்வெட்டரை எடுத்தார். முயல் கால்களை நீட்டி விறைத்துக் கிடந்தது.

"நானும் அரைச் சொட்டுதானுங்க போட்டேன்" என்றார்.

அந்த மனுஷர் டியூப்பை என் கையில் கொடுத்தார். தாய் முயலைக் குட்டிகளோடு கொண்டுபோய் விட்டார். உள்ளே ஏழும் அதன் வயிற்றுக்கடியில் முட்டி மோதும் சத்தம் வாசல்வரை கேட்டது.

எப்போது உயிர் போனது என்று அக்காவிடம் கேட்டேன். "அந்தப் பெரிய வளைவுலயேங்க. சொல்லியிருந்தா நீங்க வண்டிய நிறுத்தியிருப்பீங்க" என்றார். ஆமாம், நிறுத்தியிருப்பேன். நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, அழுது, அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்கியிருப்பேன். என்னைப் பற்றி என்னைவிட நன்றாக அவர் தெரிந்துவைத்திருந்தார்.

திரும்பும் வழியில் எப்படியும் நிறுத்தி அழத்தான் செய்தேன். அவர் கூடையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். பிறகு, "போலாமுங்ணா, கடை பூட்டிக் கெடக்குது" என்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டரம்மா தராசோடு கொட்டச்சேட்டுக்குப் போய், தாய் முயலை எடை போட்டுப் பார்த்துத்தான் ஊசி போட்டார். முயலுக்குச் சொறிக்கு என்றே கொடுக்கும் ஊசிகூட, எடை பார்க்காமல் கண்மதிப்பில் ஏற்றினால் முயலின் உயிரை வாங்கிவிடும் என்று எனக்கும் சேர்த்தே சொன்னார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. காது ஆறியது. ஏழு குட்டிகளும் பிழைத்தன. நாகலூரில் கழுவிவிட்ட முயலும் பிழைத்தது.

சாம்பல் முயல் செத்த அந்த வாரக் கடைசியிலேயே அக்கா மறுபடி கடைக்கு வந்தார். தாளில் இருப்பதைத் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். ஆண் முயலின் கூண்டுக்கு மேலே ஒட்டப் போகிறாராம். முயல் வைத்திருக்கும் எல்லோரும் எப்படியும் அங்கேதானே வருகிறார்கள். அட்டை ஒன்றை எடுத்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், 'நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை முயலுக்குப் போடாதீர்கள், அரைச் சொட்டும் கூடாது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு, இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

"கடைக்காரரே குடுத்தாலும்னு எழுதுங்ணா."

எழுதிக் கொடுத்தேன்.