மகளுக்கொரு வீடாகக் கடல்வரை

கடைசித் தங்கச்சி றிஸானாவுக்குக் கல்யாணம். 1986 ஓகஸ்ட், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம். அதற்காகப் பொத்துவிலில் இருந்து கல்முனைக்குடிக்குப் போய்வந்தேன். பிறந்த ஊருக்குப் போவதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஆண்கள் தாராளமாக எழுதலாம். கல்யாணமானதும் பெண்சாதியின் வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் நாங்கள். அதன்பிறகு பிறந்த ஊருக்கு பஸ் ஏறித்தான் போகவேண்டும். யாராவது பாய் விரித்துத் தந்தால்தான் படுக்கவும் முடியும். நான் 1977இல் பொத்துவில் மாப்பிள்ளையானவன். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் போதும்.

தூரம் நாற்பத்தைந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஆறரைக்குப் பொத்துவிலில் ஏறினால் அக்கரைப்பற்றில் பஸ் மாறி, பத்து மணிக்குள் கல்முனைக்குடியில் இறங்கிவிடலாம். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய் போதும். வலப்பக்க யன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோமாரி வரைக்கும் பற்றைக்காடும் களப்புமாக இருக்கும். யானை நின்றால் றைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார், நீங்களும் சும்மா இருங்கள். திருக்கோவில், தம்பிலுவில் தாண்டியதும் வயல் தொடங்கும். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டிய வைக்கோலின் மணம் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது.

அக்கரைப்பற்றில் ஏறியது தனியார் வேன். றைவருக்குப் பக்கத்து சீற் கிடைத்தது. எங்கே போகிறேன் என்று கேட்டார். பொத்துவிலில் வீடு, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

“பொத்துவில்லதான் வீடெண்டு சொன்னீங்க?”

“அது என்ட பொஞ்சாதிர வீடு.”

“அப்ப கல்முனைக்குடியில?”

“அது ராத்தாட வீடு.”

அக்கா வீட்டை எங்கள் வீடு என்றதற்கு அவர் சிரிக்கவில்லை. கியரை மாற்றிவிட்டு, “ஓம் காக்கா. நானும் சாய்ந்தமருதுதான். இப்ப அட்டாளைச்சேனையில இரிக்கன்” என்றார். களியோடைப் பாலம் வரைக்கும் இருவரும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தோம். பாலம் தாண்டினால் நிந்தவூர், பிறகு காரைதீவு, சாய்ந்தமருது. எது எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, கடைகளைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஊருக்குள் இறங்குவதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் ஊர் ஏன் இப்படி மாறுகிறது என்பது விளங்காது. பிரதான வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. வீதியில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் நீளமான, ஒடுக்கமான வளவுகள். வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் தள்ளி இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு இன்னும் பின்னால். பின்னால் என்றால் எங்கள் பக்கத்தில் கடல். ஆஸ்பத்திரி வந்ததால் வளர்ந்த ஊர், ஆலை வந்ததால் வளர்ந்த ஊர் எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் கல்யாணத்தால் வளர்கிற ஊர்.

வீதியோரத்து வீடு உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. ராத்தாவின் கல்யாணத்தோடு அது அவளுடையதானது. வாப்பாவும் உம்மாவும் கிணற்றுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த மண்வீட்டுக்குப் போனார்கள். எழுபத்தெட்டுப் புயல் அந்தக் கூரையையும் வளவில் நின்ற தென்னைகளில் பாதியையும் கொண்டுபோயிற்று. 1979இல் நான் வந்தபோது அந்த இடத்தில் ஓட்டுவீடு நின்றது. 1982இல் நடுத்தங்கச்சிக்கு அது போயிற்று; பெற்றோர் தென்னைகளுக்கு அங்கால் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அங்கே படுத்தால் அலை தலைமாட்டில் அடிக்கும்.

இந்தமுறை இறங்கியபோது ஒழுங்கையையே மட்டுக்கட்ட முடியவில்லை. மணல் போய்க் கிறவல் கொட்டியிருந்தார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் போன பிள்ளைகளின் புண்ணியத்தில் இரண்டு பக்கமும் மதில், மதிலுக்குமேல் ரீவி அன்ரனா. கரண்டுக் கம்பத்தில் காகம் இருந்தது, முன்பு தென்னையில் இருந்த மாதிரியே. ஊர் கெட்டுப்போயிற்று என்று புலம்புகிறவன் நான் இல்லை. மதிலுக்குள்ளே என் தங்கச்சிகள் லாம்புச் சிமினி துடைக்காமல் இருக்கிறார்கள், எனக்கு அது சந்தோஷம்தான்.

கடற்கரைச் சின்ன வீடு சின்ன வீடாக இல்லை. இரண்டு அறை கூட்டி, மண்டபம் இழுத்து, சீமெந்து பூசி, ஈரம் காயாமல் நின்றது. எல்லாம் றிஸானாவுக்கு. பின்கதவைத் திறந்தேன். பத்து எட்டில் வேலி. வேலிக்கு அங்கால் கரைவலைத் தோணி. வளவு முடிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாப்பாவும் உம்மாவும் இனி எங்கே போவார்கள்?

பல வீடுகளில் கடைசி மகளோடு பெற்றோர் இருந்துவிடுவார்கள். எங்கள் வாப்பா அப்படியில்லை. வீட்டைக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்கவேண்டும், புதுமாப்பிள்ளை வந்த வீட்டில் மாமி குறுக்கே நடக்கக்கூடாது என்று மூன்று மகள்மாருக்கும் ஒரே சட்டம் வைத்திருந்தார். கடலை விட்டு உள்ளே, சாகாமத்தில் எங்கள் வயலில் காவலுக்குப் போட்ட வாடி ஒன்று இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டு இரண்டுபேரும் அங்கே போவதாக முடிவாம். அந்த வாடியை நான் அறிவேன். மாரியில் பாம்பும் ஆளும் ஒரே பரணில் ஏறுகிற இடம். பிறந்ததில் இருந்து கடல் காதில் கேட்காமல் உறங்காத உம்மா கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பொத்துவிலுக்கு வாங்க என்றேன். உம்மா தலையை நிமிர்த்தினார்.

“மகன், அது உன்ட பொஞ்சாதிர வீடு. விருந்துக்கு வருவன். குடியிருக்க ஏலா.”

அவர் சொன்னது சரி. ஒன்பது வருடமாக நான் நிம்மதியாக உறங்குகிற வீட்டில் என்னைப் பெற்றவளுக்கு ஒரு மூலை ஒதுக்க எனக்கு வாய் இல்லை. அந்த நேரம் மிகவும் வெட்கமாக இருந்தது.

பின்னேரம் ராத்தா வந்தாள். மச்சானுக்குக் கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். தன் வீட்டின் தெற்கு அறையும் பழைய குசினியும் ஒதுக்கியாயிற்று, நாளைக்கே சாமான் வரட்டும் என்றாள்.

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “குடுத்த வீட்ட திரும்ப வாங்கிற பழக்கம் எங்கட பரம்பரையில இல்ல.”

“நீங்க வாங்கல்ல வாப்பா, நான் தாறன். என்ட வீடு. ஆருக்குக் குடுக்கிறதெண்டு நான்தான் சொல்லணும். நீங்கதானே அப்பிடி எழுதித் தந்த?” என்றாள் ராத்தா. பிறகு உம்மாவைப் பார்த்து, “கடலுக்குப் போனது காணும். திரும்பி றோட்டுக்கு வாங்க” என்றாள்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த வளவில் வீட்டைப் பற்றி வாய்திறக்க உரிமை இல்லாத இரண்டு ஆண்கள் நாங்கள்தான். அவருடைய சட்டத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டாள். வாப்பா கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, தெற்கு அறையில் ஓடு ஒழுகுமே, அது தெரியுமா என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கிளம்பினார். ஒரு பாய், ஒரு றங்குப்பெட்டி, வெற்றிலைத்தட்டம். றங்குப்பெட்டி என் தலையில். கடற்கரையில் இருந்து நடுத்தங்கச்சியின் வீட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, இத்தனை வருடம் போன வழியிலேயே திரும்பி நடந்தோம். முன்வாசலில் உம்மா நின்றுவிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெளியூரில் இருந்து வந்தவர் போல ஸலாம் சொன்னார். உள்ளே இருந்து ராத்தா பதில் சொன்னபிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

நேரே பழைய குசினிக்குப் போனார். அடுப்புக்கு மேலே மாடத்தில் கை தானாகப் போயிற்று. அங்கே ராத்தாவின் தேயிலை ரின் இருந்தது. உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, தான் பிறந்த வீட்டில் நின்று, மகளிடம் கேட்டார்: “உப்ப எங்க வெச்சிரிக்காய், புள்ள?”

ராத்தா ரின்னை வாங்கினாள். உப்புச் சட்டியை எடுத்துவந்து மாடத்தில் வைத்தாள். நான் றங்குப்பெட்டியைத் தெற்கு அறையில் இறக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். வியர்வை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. புதுமாப்பிள்ளையும் நல்ல பிள்ளை. முதல்நாளே தோணிக்காரரோடு சிநேகிதமாகி, வலை இழுக்கப் போய், கால்சட்டையை நனைத்துக்கொண்டு வந்தார். வளவில் இனி இடம் இல்லை. ராத்தாவின் மகளுக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு எங்கே கட்டுவது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. மேலே மாடி எழுப்பலாம் என்கிறாள் ராத்தா. எழுப்புவாள். இதுவரை கடலுக்குப் போன ஊர் இனி வானத்துக்குப் போகும், எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓகஸ்டில் போங்கள், கடல் அமைதியாக இருக்கும். மாரியில் கோமாரிப் பக்கம் றோட்டில் தண்ணீர் ஏறும். திரும்பும்போது அக்கரைப்பற்றில் மூன்று மணி பஸ்ஸைத் தவறவிடாதீர்கள், பொழுதுபட்டால் றோட்டு யானைக்கு. கரைவலை பார்க்கவேண்டுமானால் விடிந்த கையோடு கடற்கரையில் நில்லுங்கள், கயிற்றில் கை வைத்தால் கறிக்கு மீன் தருவார்கள்.

முக்கியமானது: ஊருக்குள் வீடு தேடும்போது ஆண்களின் பெயரைச் சொல்லி அலையாதீர்கள். எந்தப் பெண்ணின் வீடு என்று சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கையில் எங்கள் உம்மாவின் பெயரைச் சொல்லி, ஆசியா உம்மாவின் வீடு என்று விசாரித்தால், போன மாதம்வரை கடற்கரைப் பக்கம் கை காட்டியிருப்பார்கள். இப்போது அவ்வளவு தூரம் நடக்கத் தேவையில்லை. றோட்டில் இறங்கியதும் முதல் கதவு.