மாமாவின் சட்டை போட்ட கொடும்பாவி

பெட்ரோலும் விளக்கெண்ணெயும் சேர்ந்து கருகினால் தொண்டையைக் கமறுகிற ஒரு வாசனை வரும். மாணிக்கம் மாமாவின் சட்டைகளை அத்தை எத்தனை தடவை சவுக்காரம் போட்டுக் கும்மினாலும் அந்த வாசனை மட்டும் போகாது. கொடியில் காயும் அந்தச் சட்டைகளை, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், என் அப்பா மோந்து பார்ப்பார். சாராய வாசனை தட்டுப்படுகிறதா என்று அவருக்குச் சந்தேகம். தட்டுப்படாவிட்டால் சந்தேகம் இன்னும் கூடிவிடும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. கொடும்பாளூருக்குப் போகும் சாலையில் இருந்த எங்கள் ஊரில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பருப்பில் கல், மிளகில் பப்பாளி விதை, எண்ணெயில் கலப்படம் என்று தேடித் தேடிப் பழகிய கண் அவருக்கு. மனிதர்களையும் அப்படித்தான் புடைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தன் ஒரே தங்கையான அஞ்சலை அத்தையை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு ஏமாந்துபோனார். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போனவர், பர்மா எல்லை வரை சண்டைக்குப் போய் வந்தவர், இனிமேல் "கம்பெனி உத்தியோகம்" என்று பெண் பேச வந்தபோது சொன்னார்கள். கம்பெனி என்றால் ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் கார்னிவல் கம்பெனி என்பதும், பட்டாளத்தில் ஏலம் போட்ட ஒரு பழைய வண்டியை வாங்கி அதில் "மரணக் கிணறு" ஓட்டுவதுதான் உத்தியோகம் என்பதும் தாலி ஏறிய பிறகுதான் வெளியே வந்தன. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சுப்புட்டான்" என்று அப்பா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுமாவடியில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்த மாமாவை நோட்டீசில் "சிங்கப்பூர் மாணிக்கம்" என்று போட்டிருப்பார்கள். சிங்கப்பூரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கம்பெனி எங்கள் ஊர்ச் சந்தைப்பேட்டைக்கு வந்த வருடம், மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிய அந்தக் கிணறு தரைக்கு மேலே நின்றது. வெளியே படியேறி விளிம்பில் நின்றுகொண்டு சனங்கள் உள்ளே எட்டிப் பார்க்க, மாமா அடியிலிருந்து கிளம்பிச் சரிவில் ஏறி, அப்படியே சுவரைப் பிடித்துவிடுவார். சுற்றச் சுற்ற வண்டி மேலே வரும், பலகை நடுங்கும், நம் கால் நடுங்கும். கை இரண்டையும் விட்டுவிட்டுக் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டும்போது, விளிம்பில் நிற்கும் பெண்கள் "ஐயோ, எறங்குய்யா, போதும்!" என்று கத்துவார்கள்.

முதலில் ஊர் அவரை நம்பவில்லை. பலகைக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது என்றார்கள், கண்ணுக்குத் தெரியாத கம்பி இருக்கிறது என்றார்கள். அப்பா ஒரு மத்தியானம் போய், கடையில் தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். கண் கட்டும் துணியை வாங்கித் தன் கண்ணில் கட்டிக்கொண்டு, "எல்லாம் தெரியுதுடா" என்று நடந்து, பந்தல் காலில் நெற்றியை இடித்துக்கொண்டார். வீங்கிய நெற்றியோடு வீட்டுக்கு வந்தும் அவர் சந்தேகம் தீரவில்லை.

அத்தை ஒரு நாளும் ஆட்டம் பார்க்கப் போனதில்லை. சந்தைப்பேட்டை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். சாயங்காலம் வண்டிச் சத்தம் கிளம்பியதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் முறத்தை மடியில் வைத்துவிடுவாள். என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தால் சடை பாதியில் நிற்கும். சத்தம் அடங்கிய பிறகு கைதட்டல் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச நேரத்தில் அத்தையின் கை தன்னால் தாலிக்கயிற்றுக்குப் போகும். கட்டியவன் பிணமாக வந்து இறங்குகிற நாள் ஒன்று உண்டு என்றும், அது எந்த நாள் என்பதுதான் தெரியவில்லை என்றும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு நானும் பயந்துகொண்டிருப்பேன்.

அந்த வருடமும் மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊருணியில் கலங்கல் தண்ணீர்தான். காந்தத்தையும் கம்பியையும் தேடி அலுத்த ஊருக்குப் புதுச் சந்தேகம் ஒன்று வந்தது. எங்கள் சீமையில் கிணறு வெட்டித் தண்ணீர் வராமல் போனால் அதைத் திறந்து போடமாட்டார்கள். பூசை வைத்துத் தூர்த்துவிடுவார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் டீக்கடையில் உட்கார்ந்து, "பொய்த்த கெணத்தயே நம்ம மூடிப்புடுறோம். இவன் என்னடான்னா, தண்ணியே இல்லாத கெணத்த ஊரு நடுவுல கட்டி வச்சு, அதுக்கு மரணக் கெணறுன்னு பேரும் வச்சுருக்கான். மழ எங்கிட்டு எறங்கும்?" என்று கேட்டாராம். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஊருணிக்கு அத்தை குடத்தோடு போனால் மற்றப் பெண்கள் அவரவர் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் பார்க்கவும் ஆள் குறைந்தது.

ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பது என்று முடிவானது. ஊரின் பாவத்தை எல்லாம் ஏற்றி வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய், பிணத்துக்கு அழுவதுபோல் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். மழை வரும் என்பது நம்பிக்கை. வீட்டுக்கு ஒரு பெண் அழ வந்தாக வேண்டும். வராத வீடு மழை வேண்டாம் என்கிற வீடு. என் அம்மா நிறைமாதம், இழவுக்குப் போகக்கூடாது. அதனால் அத்தைதான் போனாள்.

வழக்கமாகக் கொடும்பாவிக்குப் பழைய சேலைதான் சுற்றுவார்கள். அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எங்கள் தெரு முனையில் திரும்பிய கொடும்பாவி, கிணற்றில் ஓட்டும்போது மாமா மாட்டிக்கொள்ளும் தோல் சட்டையைப் போட்டிருந்தது. கண்ணுக்கு மோட்டார் ஓட்டுகிறவர்களின் பெரிய கண்ணாடி. சட்டையின் இடது முழங்கையில் நீலநூலில் அத்தை தைத்த ஒட்டு, வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "எவனோ கொடியிலேருந்து களவாண்டுட்டான், டீக்கடைக்காரனாத்தான் இருக்கும்" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

அத்தை தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். உயிரோடு இருக்கும் புருஷனுக்கு எந்தப் பெண் ஒப்பாரி வைப்பாள்? நினைக்கவே கூடாத அமங்கலம் அல்லவா? அம்பலகாரர், "ம், அழுகணும் தாயி. ஊரே பாக்குது" என்றார். அத்தை சுற்றிலும் பார்த்தாள். எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு, மாமா நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இலேசாகச் சிரித்துக்கொண்டு, அழு, அழு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சட்டையை யாரும் களவாடவில்லை என்பது அப்போது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. கொடுத்ததே அவர்தான். இத்தனை பேர் சபிக்கிற ஆளை நாளைக்கு நேரில் பார்க்கக் கூட்டம் அலைமோதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். விழுவானா என்று பார்க்கத்தானே வருகிறார்கள், வரட்டுமே என்று நினைத்திருக்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான். மற்றவர்களின் பயம்தான் அவருக்குத் தொழில்.

அத்தை புழுதியில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் கொடும்பாவியைத் திட்டி அழுதுகொண்டிருக்க, இவள் புருஷனுக்கு அழுதாள். பெண் பார்க்க வந்த நாளைச் சொல்லி, சண்டையிலிருந்து பிழைத்து வந்ததைச் சொல்லி, சத்தத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவே தான் செத்துச் செத்துப் பிழைத்த சாயங்காலங்களைச் சொல்லி, முடி அவிழ்ந்து, மார் சிவக்க அழுதாள். ஒவ்வொருத்தியாக மற்றப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். இழுத்துக்கொண்டு வந்த இளவட்டங்கள் கயிற்றைத் தரையில் போட்டார்கள். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். வேப்பமரத்தடியில் மாமாவின் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன், எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது.

இழவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பதுபோல், சொட்டுத் தண்ணீருக்கு அலைந்த அந்த நாளிலும் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றிக்கொண்டு பெண்கள் எல்லாரும் பொட்டு வைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "வெளாட்டுக்குக் குடுத்தேன் புள்ள. நாலு பேரு கூடுவான்னு நெனச்சேன்" என்றார் மாமா, பின்னால் வந்து. "சோறு ஆறுது, சாப்பிட வாங்க" என்று மட்டும் அத்தை சொன்னாள்.

அந்த வாரமே மழை கொட்டியது. கண்மாய் பாதி நிறைந்தது. கிணற்றுக்காரன் சட்டை எல்லையில் எரிந்ததும் மழை வந்துவிட்டது, ஊருக்கு இனி என்ன அத்தாட்சி வேண்டும்? அம்பலகாரர் வெற்றிலை பாக்கு வைத்து, கிணற்றைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லி மரியாதையாகக் கேட்டார். ஈரத்தில் ஊறி உப்பிய பலகைகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு கம்பெனி மணமேல்குடிப் பக்கம் போயிற்று. மாமா அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினார். ஒருமுறை காறை எலும்பு முறிந்தது, ஒருமுறை தொடை. அப்புறம் வண்டியை விற்றுவிட்டுத் திருச்சியில் ஒரு பட்டறை வைத்து, தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

சந்தைப்பேட்டையில் இப்போது பஸ் நிலையம் நிற்கிறது. கொடும்பாவி இழுக்க ஆள் இல்லை; மழை பொய்த்தால் வானொலிக்காரன் பொய் சொல்கிறான் என்கிறார்கள். சந்தேகம் மட்டும் எங்கள் ஊரில் தூர்ந்துபோகாத ஊற்று. மாமாவின் இழவு வீட்டில் அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். கண் மங்கிப்போன அப்பாகூட என்னைக் கூப்பிட்டு, "ஒங்க அத்த ஏன் அழுக மாட்டேங்குறா? என்னமோ இருக்கு, என்னன்னு கேளு" என்றார். நானும் அவர் மகள்தானே, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு அழுக வேண்டியத அன்னைக்குத் தெருவுலயே அழுது முடிச்சுட்டேன் தாயி. அதுக்கப்பறம் இத்தன வருசமா யாருக்குச் சோறு போட்டேன்னுதான் எனக்குத் தெரியல."